குளத்துக்கு அவர் பெயர்

சவரிமுத்து போய்விட்டார் என்ற செய்தி, ஓய்வுபெற்ற பொறியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்தது. நான் பல் விளக்கி முடிப்பதற்குள் குழு அழுது தீர்த்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன்: எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, வயிற்றெரிச்சல். நான் போனால் இப்படி அழுவார்களா?

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் அண்ணே. ஜார்ஜ்டவுன் அலுவலகத்தில், வடிகால் பிரிவில், அவரும் நானும் எதிரெதிர் மேசை. மழை பிடித்தால் நான் ஜன்னலைச் சாத்துவேன், அவர் கிளம்பிவிடுவார். வெள்ளம் புகுந்த வீடுகளில் தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கேயே தேத்தண்ணியும் குடித்துவிட்டு வருவார். "கணக்கு பொய் சொல்லும், செவுரு சொல்லாது" என்பார். மேலதிகாரிகளும் அந்தக் கோட்டைத்தான் நம்பினார்கள். என் கணினிக் கணக்கை ஒருவரும் சீண்டவில்லை.

மலையடிவாரத்தில் ரப்பர் மரங்களை வெட்டி ஒரு குடியிருப்புத் தாமான் கட்டினார்கள். வீடுகளுக்கு நடுவிலிருந்த திடலைத் தாழ்த்தி, மழைநீர் தங்கும் குளமாக்க வேண்டும் என்றார் அவர். வீடு கட்டிய நிறுவனத்துக்கோ அங்கே கடைவீடுகள் எழுப்ப ஆசை. "இத்தன நாளா மண்ணு குடிச்ச தண்ணிய இனிமே யாரு குடிக்கிறது, தேவா?" என்று என்னைக் கேட்டார். கால்வாயை அகலப்படுத்தினால் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணக்கை நம்பி அல்ல. அவர் சொன்னது சரியாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கடை வேலை தொடங்குமுன்பே பெருமழை வந்தது. வீடுகளுக்குள் முட்டியளவு தண்ணீர். மறுநாள் சவரிமுத்து அளவு டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். பார்த்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இப்பவாச்சும் கோட்ட சேந்து போடுவோம் லா" என்றார். திட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். குளத்து வரைபடத்தில் இருவரும் கையெழுத்திட்டோம், குளம் வந்தது. வெயில் நாளில் பிள்ளைகள் அதற்குள் பந்து விளையாடுகிறார்கள். சனங்கள் அதைச் சவரிமுத்துக் குளம் என்கிறார்கள். வரைபடத்தில் என் கையெழுத்தும் இருப்பது யாருக்குத் தெரியும்?

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பொறாமை ஒன்றுதான். அதை விடவும் மாட்டேன். வீட்டில் சும்மா உட்காரவிடாமல் என்னை விரட்டுவது அதுதானே. அவரை அடக்கம் செய்த வாரமே மழை கொட்டியது. இருப்புக்கொள்ளாமல் அந்தத் தாமானுக்குப் போய், குளத்து வாயை அடைத்திருந்த குப்பையைக் கம்பால் தள்ளிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று, "சவரிமுத்து அண்ணே அனுப்புனாரா?" என்று கேட்டார். செய்தி அவருக்கு எட்டவில்லை போலும். என் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.