குழலுக்குள் கமரா விட்ட பெண்

என் பழைய போட்டித் துப்பாக்கியை வாங்க, சுவிஸில் உள்ள ஷ்லீரன் துப்பாக்கிச் சுடுகளத்துக்கு வந்தவர், இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். ஒட்ட வெட்டிய தலைமயிர். இலங்கைக் குடிமக்களுக்கு இங்கே துப்பாக்கி விற்கத் தடை என்பதால், யாரும் கேட்குமுன்பே சுவிஸ் கடவுச்சீட்டை மேசையில் போட்டார். பிறகு மெல்லிய கமரா ஒன்றைக் குழலுக்குள் விட்டார்.

"குழல் புதுசு மாதிரி, பிள்ளை. என்னை நம்பேல்லையோ?" என்றேன்.

"நம்புறன் அண்ணை. ஆனா குண்டு உங்கட வாயாலை போகாது, குழலாலைதான் போகும்."

தோட்டா வைக்கும் அறையைக் கமரா தாண்டியதும், வறண்ட குளம்போல வெடிப்புகள் திரையில் தெரிந்தன; சுட்டுச் சுட்டுத் தேய்ந்துபோன குழல்.

"இதை ஒரு சுவிஸ்காரரிட்டைத்தான் வாங்கினனான்," என்றேன்.

"வாங்கேக்கை உள்ளுக்குப் பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. இங்கே பிறக்காத எனக்கும் ஒரு துப்பாக்கி விற்கிறாரே என்று அந்த மனிதருக்கு மூன்று தடவை நன்றி சொல்லியிருந்தேன்.

இந்தப் பெண் ஒரு தடவைகூட நன்றி சொல்லவில்லை. துப்பாக்கியை வாங்காமல், கமராவைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்த நிமிர்ந்த முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.