மயில் வரைந்த ஹெல்மெட்

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்தால் நிலைகொள்ளாது. பேருந்தில் போனாலும் முன்சீட்டுக்காரரின் பின்மண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இவருக்குக் காதுக்கு மேலே அகலம், இவருக்குப் பிடரி தட்டை, இந்தத் தலைக்கு நம் நடு அளவு ஹெல்மெட் ஆடும். ஓமலூர் சாலையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பட்டறையில் கிரிக்கெட் ஹெல்மெட் வடிவமைப்பது என் பிழைப்பு. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டு மண்டையைப் பார்க்கிறவள் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். அவர் தலையும் நான் அளவெடுத்த தலைதான்.

இந்தத் தொல்லை போன வருடம்தான் முற்றியது. என் மகள் கல்லூரி அணிக்கு ஆடுகிறவள். எகிறி வந்த ஒரு பந்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பந்து ஹெல்மெட்டின் கீழ்விளிம்புக்கும் கழுத்துக்கும் நடுவே, பிடரியில் விழுந்தது. ரத்தம் இல்லை. வீக்கம்கூடப் பெரிதாக இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் "மேட்ச் முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டாள். முடிஞ்சிருச்சு சாமி என்றேன். அடுத்த சிக்னலில் மறுபடி அதையே கேட்டாள், அப்போதுதான் முதல்முறை கேட்கிறவள் மாதிரி. அதற்கடுத்த சிக்னலிலும் கேட்டாள். தேறி வந்துவிட்டாள் என்றாலும், அந்த மத்தியானம் அவளுக்கு இன்றுவரை திரும்பவில்லை.

அந்த ஹெல்மெட் நான் செய்ததல்ல, ஆனால் நான் செய்தவையும் அப்படித்தான் இருந்தன. எல்லாம் முடி வெட்டிய ஆண்பிள்ளைத் தலைக்கு அளவெடுத்தவை. என் மகளுக்கோ கைப்பிடியில் அடங்காத பின்னல். அதைச் சுருட்டி உள்ளே திணித்தால் ஹெல்மெட் மேலே ஏறிக்கொள்ளும், பிடரி வெட்டவெளியாகிவிடும். இத்தனை வருடம் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தவளின் கண்ணில், வீட்டில் தினமும் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுகிற தலை படவில்லை. ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்திலேயே புதிதாக வரைய உட்கார்ந்தேன்.

பின்பக்கத்தைக் கீழே இறக்கினேன். பின்னல் வெளியே வர ஒரு வழி விட்டேன். உள்ளே வழுக்கிக்கொடுக்கிற ஓர் அடுக்கு வைத்தேன். பந்து பக்கவாட்டில் மோதினால் மேலோடு மட்டும் கொஞ்சம் திரும்பும், தலை கூடவே வெடுக்கென்று திரும்பாது. முட்டை ஓட்டை உடைக்காமலே குலுக்கிக் குலுக்கி உள்ளே மஞ்சளைக் கலைத்துவிடலாம் என்பது நாமக்கல்லில் பிறந்தவளுக்குத் தெரியாதா என்ன? மண்டைக்குள்ளும் அதுதான் நடக்கிறது. பட்டறையில் ஓர் இரும்புத் தலை உண்டு. அதற்கு மாட்டி உயரத்திலிருந்து விழவிட்டுப் பார்த்ததில் என் ஹெல்மெட்டுகள் தாங்கின. அதே வார்ப்பில் வந்த இரண்டை மகளுக்கென்று எடுத்து வைத்தேன்.

அவளை மாவட்ட அணிக்கு எடுத்த சேதி கேட்டு நாமக்கல்லிலிருந்து என் தம்பி வந்தான். லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறவன். இரண்டில் ஒன்றை, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துப்போனான். ஆட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து இறங்கினான். தட்டங்களில் தேங்காய், பழம், பூ, பட்டுச்சேலை. நடுத்தட்டத்தில் ஹெல்மெட். ஒரு பக்கம் தோகை விரித்த மயில், மறுபக்கம் தாமரை, பின்னால் லாரிக்கு எழுதுகிற அதே கொழுத்த எழுத்தில் 'தாய்மாமன் சீர்'. மகள் ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அழகாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் பெயிண்டில் கலக்குகிற தின்னர் வாடை அடித்தது.

தின்னர் போட்டுத் துடைத்தாயா என்று கேட்டேன்.

"தொடைக்காம பெயிண்டு எப்படீங்கக்கா நிக்கும்?" என்றான். "நல்லா உப்புத்தாள் போட்டுத் தேச்சு, தின்னர்ல ரெண்டு தடவ தொடச்சுத்தான் அடிச்சோம். வெயில் மழைக்கு அசையாதுங்க."

தகரத்துக்கு அது சரி. பிளாஸ்டிக்கைத் தின்னர் உள்ளே புகுந்து அரிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இதைச் சொல்லி, இது ஆட்டத்துக்கு ஆகாது என்றேன். தாய்மாமன் சீரைத் திருப்புவது எங்கள் பக்கம் லேசான காரியமில்லை. அதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. தம்பி மனைவியின் முகம் சுருங்கியது. மகள் அதைத்தான் போடுவேன் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை.

மறுநாள் ஹெல்மெட்டையும் தம்பியையும் பட்டறைக்கு இழுத்துப்போனேன். இரும்புத் தலைக்கு மாட்டி, மற்றவற்றை விட்ட அதே உயரத்திலிருந்து விட்டேன். மயிலின் கழுத்தில் ஆரம்பித்த விரிசல் தாமரைவரை ஓடிற்று. தம்பி அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தான். அவனை அப்படிப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பிறகு கேட்டான்.

"ஊட்ல இருக்கற இன்னொண்ணு, அம்முணி போடப்போறது. அதையும் இப்படி உட்டுப் பாத்தீங்களாக்கா?"

"உட்டுப் பாத்தா அப்புறம் போட முடியாதுடா. ஒரு அடி வாங்குனா அது தீந்துச்சு."

"அப்ப அது தாங்கும்னு எப்படீங்க தெரியும்?"

தெரியாது என்றேன். அதன் கூடப்பிறந்தவை தாங்கின, அவ்வளவுதான். என் தொழிலே அந்த அவ்வளவுதான். வேறு யார் கேட்டிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். அவனிடம் கோபம்கூட வரவில்லை. திரும்பும் வழியில் அவன் ஒன்றே ஒன்று கேட்டான், சந்தனம் பிளாஸ்டிக்கை அரிக்குமா என்று. அரிக்காது என்றேன். ஆட்டத்தன்று காலை, வெறும் வெள்ளையாக இருந்த அந்த மற்றொன்றுக்குச் சந்தனப் பொட்டு வைத்து மருமகளிடம் கொடுத்தான். அவள் மாமனைப் பார்த்துச் சிரித்து வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

மைதானத்தில் நான் உட்காரவே இல்லை. கயிற்றோரமாக நடந்துகொண்டே இருந்தேன். தம்பியும் கூடவே நடந்தான். மகள் நன்றாகத்தான் ஆடினாள். பிறகு ஒரு பந்து எகிறியது, அவள் பழையபடி முகத்தைத் திருப்பினாள். சத்தம் எங்களுக்குக் கேட்டது. போன வருடம் பட்ட அதே பிடரிப்பக்கம், ஆனால் இந்த முறை பந்து பட்டது ஹெல்மெட்டில்.

எதுவுமில்லை என்று அவள் கையை ஆட்டினாள். நான் அதற்குள் கயிற்றைத் தாண்டிவிட்டேன். அணியின் மருத்துவர் அவளை வெளியே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இது எந்த மைதானம், யார் பந்து வீசுகிறார்கள், போன ஆட்டத்தில் ஜெயித்தது யார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கண்ணைப் பார்த்தார், நடக்கச் சொன்னார். இன்றைக்கு இனி ஆட வேண்டாம், ராத்திரி கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், மற்றபடி தெளிவாக இருக்கிறாள் என்றார். எனக்குப் போதவில்லை. அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தேன்.

"மாமன் உனக்கு என்ன சீர் கொண்டாந்தாரு சாமி?"

என்னை முறைத்தாள்.

"மயிலு போட்ட ஹெல்மெட்டு. நீங்கதான் ஒடச்சுப் போட்டீங்க."

தம்பி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான். நான் வெள்ளை ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டேன். அதுவும் இனி ஆகாது. வீடு திரும்பும் வழியில், காரை நிறுத்திய ஒவ்வொரு சிக்னலிலும், மாமன் என்ன சீர் கொண்டுவந்தார் என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் ஒவ்வொரு முறையும் அதே கோபத்தோடு பதில் சொன்னாள்.