அழகாக ஆறிய தையல்

எழுபதுகளின் கடைசியில் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. வலது பக்கம், கவட்டோரம். டாக்டர் கெட்டிக்காரர். தையல் பிரித்தபின் தழும்பைப் பார்த்து, தான் கட்டிய வீட்டைப் பார்ப்பதுபோல் பூரித்துப் போனார். "எரியுதுங்க. உள்தொடை வரைக்கும் கரண்டு இழுக்கிறாப்ல இருக்கு" என்றேன். "தையல் அழகா ஆறியிருக்கே. இதுல எரியறதுக்கு என்ன இருக்கு?" என்றார். அவர் கைவேலையை நான் அவமதித்துவிட்ட மாதிரி முகம் சுருங்கியது. மன்னிப்புக் கேட்காத குறையாக எழுந்து வந்தேன்.

மாதங்கள் போயின, எரிச்சல் போகவில்லை. வேட்டி உரசினால் போதும், உயிர் போய்த் திரும்பும். சைக்கிளில் காலைத் தூக்கிப் போட முடியாது. ஆனாலும் கோவில்பத்திலிருந்து டவுன் ஆபீசுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன். வீட்டில் விட்டுவிட்டுப் போனால் நிரந்தர நோயாளி என்று முடிவுகட்டி விடுவார்களே. எதிர்வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் பெரியவர் தினமும் வாசலில் நின்று, "பஞ்சரா தம்பி?" என்பார். "ஆமாங்க" என்பேன். தினம் பஞ்சர் என்றால் நம்புகிற ஊர், தினம் வலி என்றால் நம்பாது.

அம்மா மட்டும் நம்பினாள். அதுதான் வினையாகப் போயிற்று. ஆபரேஷனுக்கு முன் ஆஸ்பத்திரியில் என் அரைஞாண் கயிற்றை வெட்டி எறிந்திருந்தார்கள். "அரைஞாண் இல்லாத இடுப்புல நோவு வராம என்ன வரும்?" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கயிறு இருந்தபோதுதான் குடல் இறங்கியது என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. திருநள்ளாற்றில் சனீஸ்வரன் சன்னதியில் வைத்துப் பூஜித்த கறுப்புக் கயிறு வாங்கிவந்து இறுக்கிக் கட்டினாள். நடக்க நடக்க அது இறங்கி, முடிச்சு சரியாகத் தழும்பின் மேல் வந்து உட்கார்ந்தது. வலி இரட்டித்தது. கயிற்றுக்குச் சக்தி போதவில்லை என்று அடுத்த சனிக்கிழமை இன்னும் தடிமனாக ஒன்று வாங்கிவந்தாள். கழற்றலாம்தான். ஆனால் அதன்பிறகு எரிவதெல்லாம் என் திமிருக்குக் கிடைத்த தண்டனையாகிவிடும்.

என் மனைவி கயிற்றையும் நம்பவில்லை, வலியையும் நம்பவில்லை. "தண்ணி தூக்கச் சொன்னா நோவுது, புள்ளயத் தூக்கச் சொன்னா நோவுது. சோறு போட்டா மட்டும் நோவக் காணும்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். டாக்டர் நம்பாததை எப்படியோ தாங்கிக்கொண்டேன். இவள் நம்பாததைத் தாங்க முடியவில்லை. நடிப்பு என்பாளோ என்று அவள் எதிரில் முகத்தைச் சுளிக்கக்கூடக் கூசினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன்குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். வேட்டி நெகிழ்ந்திருந்தது. ஈ மொய்க்கிறதென்று அவள் ஒரு மெல்லிய துண்டைப் போர்த்தினாள். அதன் முனை அந்த இடத்தில் பட்டிருக்க வேண்டும். அலறிச் சுருண்டேன். விழித்துப் பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர். அவள் துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். தூங்கும்போதுகூட நடிக்கிற அளவுக்கு நான் கெட்டிக்காரன் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே விரலைக் கொடுத்து வெட்டினாள். என் அலறல் கேட்டு வந்த அம்மா பதறினாள். "என்னடி பண்ணுறே? நல்லதுக்குக் கட்டுன கயிறு."

"அவருக்கு நோவுதுங்க அத்தை" என்றாள்.

எரிச்சல் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்று மட்டும் நான் வெட்கமில்லாமல் அவள் எதிரிலேயே அழுதேன்.