கொல்லையில் நின்ற டெல்லிக் கல்

கடல் யாருக்குச் சொந்தம் என்று எங்கள் குப்பத்தில் யாரும் கேட்டதில்லை. படகு இருக்கிறவன் போவான், இல்லாதவன் அவன் கூடப் போவான். அதனால் எழுபதுகளில் நான் மரக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, கொஞ்சம் நிலத்துக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை. உப்பளம் டெல்லி சர்க்காருடையது. அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் ஒரு முதலாளி. எங்கள் குடிசை நின்ற மேடு மட்டும் மெட்ராஸ் சர்க்கார் புறம்போக்கு.

"அப்போ நாம யாருதுய்யா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு சர்க்காருக்கும் நடுவே, குடிசைக்கு முன்னால் உப்பளக் கரையில், முழங்கால் உயரத்துக்கு ஒரு எல்லைக்கல் உண்டு. ஐப்பசியில் மழை பிடித்தால் உப்பளம் முழுக்கத் தண்ணீரில் போய்விடும். அதற்குள் பலகை, கூடை, மண்வெட்டி எல்லாவற்றையும் மேட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது அங்கே வழக்கம். நான் வந்த வருஷம் கரை கரைந்து கல்லும் சாய்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் அதையும் தோளில் தூக்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் கொல்லையில் குழி தோண்டி நட்டார். "சர்க்கார் சொத்து, தண்ணியில போயிடக் கூடாது பாரு" என்றார். அத்தனை பயபக்தி!

தை மாதம் கரையைத் திரும்பப் போட்டபோது அவர் கல்லை எடுத்துப் போக வந்தார். நான்தான் விடவில்லை. "ஆடு கட்டத் தோதா இருக்குது, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அந்த அப்புறம் வரவேயில்லை.

இரண்டு மழை கழிந்து, மேட்டுக் குடிசைகளுக்கு மனைப்பட்டா தருகிறார்கள் என்று பேச்சு வந்தது. நான் வாயும் வயிறுமாக இருந்தேன். யாரும் எழுந்து போ என்று சொல்ல முடியாத வீட்டில் என் பிள்ளை பிறக்க வேண்டும் என்று ஒரே துடிப்பு. மெட்ராஸ் சர்க்கார் சார்பில் கிராமக் கணக்குப்பிள்ளை வந்தார். கொல்லையில் கல்லைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"கல்லுக்கு இந்தப் பக்கம் டெல்லி எடம். உன் வூடு டெல்லிக்குள்ள இருக்குதும்மா. பட்டா நான் தர முடியாது, உப்பு ஆபீஸ்ல போய்க் கேளு."

டெல்லி சர்க்காரின் உப்பு ஆபீஸில் மேப்பை விரித்தார்கள். "எங்க எல்லை கரையோட முடியுது. உன் வூடு எங்களுது இல்ல" என்றார்கள். திரும்பக் கணக்குப்பிள்ளையிடம் ஓடினோம். "மேப்பு கெடக்கட்டும். கல்லு எங்க இருக்குதோ அதான் எல்லை" என்றார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. அந்தக் கல்லை அங்கே நட்டது நாங்கள்தான் என்று சொல்லவும் எங்களுக்குத் தோன்றவில்லை. பிடித்துத் தள்ள இரண்டு சர்க்கார், ஏற்றுக்கொள்ள ஒன்றுகூட இல்லை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு இப்படி எத்தனை நடை!

கடைசியில் இரண்டு பக்கத்து ஆட்களும் அளவுச் சங்கிலியோடு வந்தார்கள். உப்பு ஆபீசர் கேட்டார்: "இந்தக் கல்ல இங்க யார் நட்டது?"

"நான்தாங்க" என்று என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார், மாலை போடப் போகிறார்கள் என்று நினைத்தவர் போல.

ஆபீசர் முகம் மாறியது. "ஏம்பா, சர்க்கார் கல்ல நகத்தறது குத்தம். யோசிச்சுச் சொல்லு. நகத்தினேன்னு எழுதிக் குடுத்தா உன்மேல கேஸ் வரும். நகத்தலேன்னா மேப்பு தப்புன்னு ஆவும், வூடு எங்க எடத்துல வந்துரும், பிரிக்கணும்."

ஆடு கட்ட வைத்துக்கொண்டவள் நான்தான் என்று தொண்டை வரை வந்தது. பயத்தில் வெளியே வரவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. அவர் என் வயிற்றைப் பார்த்தார். "நகத்தினேங்க" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்.

ஜெயில் கியில் ஒன்றும் இல்லை, எச்சரித்து விட்டுவிட்டார்கள். பட்டாவும் வந்தது. ஆனால் மறுநாளே முதலாளி கூப்பிட்டனுப்பினார். "சர்க்கார் கல்ல நகத்தினவன வேலைக்கு வச்சிருந்தா எனக்குக் குத்தகையப் புதுப்பிக்க மாட்டாங்கப்பா. இனிமே கரையத் தாண்டி உள்ள வராத."

அவர் பட்டாவை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, எதிரே மற்றவர்கள் உப்பு வாருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, நமக்கு எடம் கெடச்சுதா, போச்சா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.