துணி சுற்றிய கழி

அம்மா இறந்து இருபத்திரண்டு நாள். கழி இன்று காலை வரை அவள் சாய்த்து வைத்த இடத்திலேயே இருந்தது.

அம்மா பெயர் சுக்ரா. ஓசூரில் எங்களுக்கு ஐந்து லைன் வீடுகள். குடியிருந்தவர்கள் எல்லாரும் கம்பெனி ஆட்கள். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே செப்டிக் டேங்க். அத்தா போனபின் அது அம்மா பொறுப்பு. ரம்ஜானுக்கு முன் வெள்ளையடிக்கும் வாரத்தில் மூடியைத் திறந்து ஆறவிட்டு, பழைய வெள்ளைத் துணி சுற்றிய மூங்கில் கழியை அடிவரை இறக்குவாள். துணியில் கசடின் கறுப்பு மூன்று சாண் ஏறியிருந்தால் உறிஞ்சும் லாரிக்குச் சொல்லி அனுப்புவாள்.

1989இல் ஒரு காலை கக்கூஸ் பொங்கியது. ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் கத்தினார்கள். அடைப்பெடுக்க ஆஞ்சப்பன் வந்தார்.

"இறங்கினாத்தாம்மா ஆவும்."

நான் சிவில் டிப்ளமோ கடைசி வருடம். "இறங்கட்டும்மா, அஞ்சு நிமிஷ வேலை" என்றேன். டேங்க் வரைபடம் எனக்கு மனப்பாடம். உள்ளே நிற்கும் வாயு எந்த வரைபடத்திலும் இல்லை.

அம்மா மூடிமேல் ஏறி நின்றுகொண்டாள். "அஞ்சு நிமிஷத்துல செத்தா யாருடி பதில் சொல்றது, நீயா?"

"அப்ப நாங்க வீட்டைக் காலி பண்றோம்க்கா" என்றார் கம்பெனியில் லேத் ஓட்டும் மூன்றாம் வீட்டு கோவிந்தப்பன்.

"பண்ணுங்க. இவரு இறங்க மாட்டாரு."

பிறகு மூடியைத் தள்ளி, எங்களை விலகி நிற்கச் சொல்லி, கழியை விட்டாள். தண்ணீர் எப்போதும் நிற்கும் மட்டத்திலேயே நின்றது. "டேங்க் நல்லாத்தான் இருக்கு. அடைப்பு இதுக்கு முன்னாடி, குழாயில."

ஆஞ்சப்பன் வெளியிலிருந்தே மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தி இழுத்தார். எண்ணெய்க் கறையோடு பந்து பந்தாக நூல் வேஸ்ட் வந்தது. மிஷின் துடைப்பது. கோவிந்தப்பன் பாக்கெட்டில் தினமும் வீட்டுக்கு வருவது.

"உங்க லேத்தையும் இதுலயே போட்டிருக்கலாமே" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். கோவிந்தப்பன் காலி செய்யவில்லை.

இன்று காலை மறுபடியும் பொங்கியது. போன் செய்தால், உறிஞ்சும் லாரி வியாழக்கிழமைதான் வரும் என்றார்கள். புதுக் குடித்தனக்காரர்கள் சத்தம் போட்டார்கள். ஆஞ்சப்பன் நரைத்த தலையோடு வந்து நின்றார்.

"அம்மா இல்லைன்னு என்னை இறக்கிடாத பாப்பா" என்றார், சிரித்தபடி.

என்னால் சிரிக்க முடியவில்லை. மூடியைத் திறந்து ஆறவிட்டு, கழியை இறக்கி எடுத்தேன். கறுப்பு நாலு சாண். போன ரம்ஜானுக்கு அம்மா படுக்கையில் இருந்தாள். கழியை நான் எடுக்கவே இல்லை.

"டேங்க் ரொம்பிடுச்சு. வியாழக்கிழமை வரைக்கும் எல்லாரும் பக்கத்துத் தெரு பொதுக் கக்கூஸுக்குப் போங்க" என்றேன்.

மூடியை இழுத்துப் போட்டு, அதன்மேல் நின்றுகொண்டேன்.