செஞ்சியில் பொழுது சீக்கிரம் சாயும்

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. எங்கள் அனந்தபுரத்துக் கம்பவுண்டர் தினமும் காலையில் ஊசி போடுவார். தை மாதம் கால் புண் ஆறாததால் செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அப்பாவை நைனா என்போம். அவருக்கு மல்லாட்டை அறுவடை, வேர்க்கடலை பிடுங்குகிற நேரம். எட்டாவதோடு நின்று வீட்டில் இருப்பவள் நான்தான், அதனால் துணைக்குப் போனேன். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கக்கூட எனக்கு நாக்கு எழாது.

செஞ்சி ஒன்பது மைல். ஏழரை பஸ், ஆளுக்கு ஐம்பது பைசா, எட்டேகாலுக்கு இறங்கினோம். பையில் வடிகட்டிய தண்ணீர்க் கூஜா, வடிகட்டும் துணி, இரண்டு ஊக்கு, தீப்பெட்டி, மருந்துச் சீட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கட்டி வெல்லம். வேர்த்து நடுக்கம் வந்தால் உடனே இனிப்பு கொடு என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரி வரிசையில் மதியம் இரண்டு மணி வரை நின்றோம். கட்டு மாற்றி, மருந்து வாங்கி, கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது மணி நாலு. நாலரை பஸ் வரவில்லை. அடுத்தது ஆறு மணிக்கு என்றார்கள். நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். ஐந்தேகாலுக்குள் வீட்டில் சாப்பாடு என்றுதான் நினைத்திருந்தோம்.

ஐந்தரை வாக்கில் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் நெற்றி வேர்த்தது, கை நடுங்கியது. பையைத் தரையில் கொட்டி வெல்லத்தை எடுத்தேன். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

"பொழுது போயிடுச்சி. வேணாம்."

எங்கள் ஊரில் மலை கிடையாது, சூரியன் கரம்பு நிலத்தில் இறங்கும். மறைந்தால் மறைந்ததுதான். அம்மா அந்தக் கணக்கையே செஞ்சிக்கும் போட்டாள். எனக்கும் அப்போது தோன்றவில்லை. வெல்லத்தைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் மல்லாட்டை விற்ற அம்மாள்தான் சிரித்தாள்.

"இன்னாம்மா, அதுக்குள்ள பொழுதா? சூரியன் மலைக்கு அந்தாண்ட டீ குடிக்கப் போயிருக்குது."

திரும்பிப் பார்த்தேன். கிழக்கே சந்திரகிரி உச்சிப் பாறையில் மஞ்சளாக வெயில். ஸ்டாண்டில் எல்லாரும் திரும்பும்படி கத்தினேன் போலிருக்கிறது.

"அம்மா, அங்க பாரு. வெயில் இன்னும் இருக்குது. வாயத் தொற."

அம்மா பார்த்தாள். வாயைத் திறந்தாள். முதல் துண்டு கரைய வெகுநேரம் ஆனது. மூன்றாவது துண்டைக் கொடுக்கும்போது பாறை கறுத்துவிட்டது. நான் மலைப் பக்கமாக நகர்ந்து நின்று அம்மா கண்ணுக்கு அதை மறைத்துக்கொண்டேன். நடுக்கம் நிற்கும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

இப்படி நோயாளியோடு செஞ்சிக்கு வருகிறவர்கள் வெல்லத்தைப் பையின் மேலாக வையுங்கள். என்னைப் போல அடியில் போட்டால் ஊக்கும் தீப்பெட்டியும் தெருவில் சிதறும். ஊர் திரும்பிச் சாப்பிடலாம் என்று நம்பாமல் ஐந்து மணிக்கே எதையாவது சாப்பிட வையுங்கள். நாலரை பஸ்ஸை நம்பாதீர்கள்.

ஆறு மணி பஸ் ஆறரைக்கு வந்தது. உட்கார இடம் கிடைத்தது. அம்மா என் தோளில் சாய்ந்து, வெகுதூரம் போனபிறகு கேட்டாள்.

"கடேசித் துண்டுக்கும் வெயில் இருந்துச்சா?"

இருந்தது என்றேன்.