பலாமரத்தடிப் புல்தரை

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீடு மலைமேல் அரியூர் நாட்டில் ஒரு சரிவில் இருந்தது. வாசலில் புல்தரை, நடுவில் பெரிய பலாமரம். வெள்ளைக்காரன் காலம், மலைக்கு ரோடு வந்திருக்கவில்லை. வருசா வருசம் மழை மண்ணை அரித்துக்கொண்டு போனதில், பலாவின் வேர்கள் புல்லுக்கு மேலே புடைத்துக் கிடந்தன.

என் மாமனாருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. ஆனாலும் யாரையும் கையைப் பிடிக்க விடமாட்டார். காலையில் தானே வாசலைத் தாண்டி மாட்டுப்பட்டிக்குப் போய், மாடுகளைத் தடவிக் கொடுத்துவிட்டு வருவார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் வேர் வழுக்கி விழுந்தார். நெற்றியில் ரத்தம்.

"ஒண்ணுமில்ல கண்ணு, ஈரம்" என்றார் என்னிடம்.

என் வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. கோடாலியை எடுத்து அந்த வேரை வெட்டிப் போட்டார். அடுத்ததற்குக் கை ஓங்கும்போது, "எல்லாத்தையும் வெட்டுனா மரம் நிக்காதுங்க" என்று தடுத்தேன். மற்ற வேர்களின் மேல் வயல் மண்ணைக் கூடை கூடையாகக் கொட்டி மிதித்து, அருகம்புல்லைப் பதித்தோம். மழை ஓய்வதற்குள் புல் பிடித்துக்கொண்டது. வந்தவர்களெல்லாம் வாசல் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஒருநாள் காலையில் போன மாமனார் திரும்பவில்லை. தேடிப் போனால், பட்டிக்கு வெகுதூரம் தள்ளி எங்கள் சாமைக் காட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இங்க என்னங்க மாமா?"

"பயிரு எப்படி இருக்குதுன்னு பாக்க வந்தேன்."

சாமை அறுவடை முடிந்து வெறும் தாள்தான் நின்றது. "நானும் ஊட்டுக்குத்தான் போறேன், வாங்க" என்று எதையோ பேசிக்கொண்டே முன்னால் நடந்தேன். என் குரலைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவர் பட்டிக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். மகன் கேட்டால், "வாசல் நல்லாத்தான் இருக்குது" என்பார். ஒரு மத்தியானம் களி போடும்போது தனியாகக் கேட்டேன். களியை விரலால் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"காலுக்கு ஒண்ணும் அகப்படலியே சாமி. வேரு இருந்தப்ப, இதைத் தாண்டுனா மரம், அதைத் தாண்டுனா பட்டின்னு போயிருவேன். இப்ப எல்லாம் ஒண்ணாட்டம் இருக்குது."

அவர் விழாமல் இருந்தால் போதும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் எப்படி நடக்கிறார் என்று இருவருமே கேட்டதில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது முதலில் கோபம்தான் வந்தது. "மறுபடி உழுந்தா?" என்றார். பிறகு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மண்வெட்டியால் அவர் மேல்மண்ணை வழித்தார். வேரின் தோல் உரியாமல் நான் கையால் கிளறி எடுத்தேன்.

மாமனார் கதவோரம் வந்து நின்றார். "என்ன சாமி சத்தம்?"

"மண்ணு மூடி மரத்துக்கு மூச்சு முட்டுதுப்பா. எடுக்கறோம்" என்றார் மகன்.

"ஆமா, எடுக்கோணும்" என்றார் அவர்.

சாயங்காலமே இறங்கி நடந்தார். வெட்டுப்பட்ட வேர் இருந்த இடத்தில் மட்டும் கால் துழாவி நின்றது. மறுநாள் என் வீட்டுக்காரர் அங்கே நீளமாக ஒரு கல்லைப் பதித்தார். அடுத்த நடையில் மாமனாரின் கால் அதைத் தொட்டுவிட்டு மேலே போனது.

பிறகும் ஒருமுறை விழுந்தார். மாடு உரசிவிட்டது என்றார். நாங்களும் சரி என்றோம். படுக்கையில் விழும்வரை பட்டிக்குப் போவதை அவர் நிறுத்தவே இல்லை.